பத்திரிகைப் பையனின் கணக்குக் கொப்பி

யாழ்ப்பாணத்தவர் உத்தியோகத்தின்மீது கொண்ட பற்றினைக் காட்டுவதற்குப் பழமொழி ஒன்று உண்டு. “கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்கவேண்டும்” என்பது அது. கோறணமேந்து என்பது அரசாங்கத்துக்கு எங்கள் முன்னோர் வைத்துக்கொண்ட பெயர். இந்தப் பழமொழியைக் கேட்டு வளர்ந்த வீடுகளிலே, பள்ளிக்கூடம் போகும் பையன் ஒருவன் இருட்டோடு எழுந்து, துவிச்சக்கர வண்டியிலே வீடு வீடாகப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுப்பதை ஒரு தொழிலென்று எவரும் எண்ணுவதில்லை. பின்னொரு காலத்தில் அவன் எழுதுவினைஞனாகவோ ஆசிரியனாகவோ நியமனம் பெறும்போது, அதனையே அவனுடைய முதல் உத்தியோகம் என்பார்கள். அதற்கு முன்னர் அவன் கைநீட்டி வாங்கிய சம்பளம் கணக்கில் வருவதில்லை. அந்தக் கணக்கில் வராத சம்பளத்தைப் பற்றியே நேயர்களுடன் சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

யாழ்ப்பாணம் பத்திரிகைக்குப் புதிய நாடன்று. 1841ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மிஷனரிமார் இங்கிருந்து ‘உதயதாரகை’யை வெளியிட்டனர். 1889இல் ‘இந்து சாதனம்’ தோன்றியது. சுன்னாகத்திலே நா. பொன்னையா அவர்கள் 1930ஆம் ஆண்டில் ‘ஈழகேசரி’யைத் தொடங்கினார். எனினும் இவை கிழமைக் கணக்கில் வெளிவந்தவை. ஒருநாள் பிந்தினாலும் உலகம் கவிழ்ந்துவிடாது. விடியற்காலையில் வீட்டுப் படலைக்கு வந்தே தீரவேண்டிய தாள் என்பது, கொழும்பிலிருந்து 1930இல் ‘வீரகேசரி’யும் 1932இல் ‘தினகர’னும் நாளிதழ்களாக வெளிவரத் தொடங்கிய பின்னரே எங்கள் கிராமங்களில் வழக்கமாயிற்று. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். முன்னிரவில் அச்சான பத்திரிகைகள் இரவுத் தபால் புகைவண்டியில் ஏறி, விடியற்பொழுதில் குடாநாட்டுக்கு வந்துசேரும். 1959இல் யாழ்ப்பாணத்திலேயே தொடங்கப்பெற்ற ‘ஈழநாடு’ 1961இல் நாளிதழானது. அதன்பின் இரண்டு வழியாலும் பத்திரிகை வந்தது: கொழும்புத் தாள் புகையிரதத்தில், ஊர்த்தாள் நகரத்திலிருந்து தெருவழியே.

நான் இந்தத் தொழிலுக்குப் போனது 1974ஆம் ஆண்டில். அப்போது எனக்கு 15 வயது. எங்கள் ஊர் சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ளது. முகவர் ஒருவர் புகையிரத நிலையத்தில் கட்டுகளை இறக்கி, நிலையத்துக்கு வெளியே ஒரு கடைத் திண்ணையில் வைத்துப் பிரிப்பார். எனக்குரிய பங்கு 43 வீடுகளும் ஒரு வாசிகசாலையும். பத்திரிகை போடுவதென்றால் மிதிப்பதும் எறிவதும் மாத்திரமே என்று நினைப்பவர் பலர். மிதிப்பதற்கு முன்னர் அடுக்கவேண்டும். எந்த வீட்டுக்கு எந்தத் தாள் என்பதையும், எந்த வீடு எந்த ஒழுங்கையில் எத்தனையாவது என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு, முதல் வீட்டுத் தாள் மேலே வரும்படியாக அடுக்கிக் கரியரில் கட்டவேண்டும். நடுவிலே ஒரு தாள் இடம் மாறினால், அதற்குப் பின்வரும் அத்தனை வீட்டுக்கும் பிழையான பத்திரிகை போய்ச்சேரும். தினகரன் வாசிக்கும் வீட்டுக்கு வீரகேசரி போனால் அதை ஒரு தவறென்று சொல்லிவிடுவார்கள். ஆங்கிலப் பத்திரிகை வாசிக்கும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தருக்குத் தமிழ்த் தாள் போனால் அதை அவமதிப்பென்றே கொள்வார்கள்.

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளை அறிந்தவர்களுக்கு மிகுதியைச் சொல்லவேண்டியதில்லை. இரு பக்கமும் கிடுகு வேலி. முன்னால் வருவது மாடா மனிதனா என்று வளைவு திரும்பும்வரை தெரியாது. ஒவ்வொரு படலைக்குப் பின்னாலும் ஒரு நாய். நாய்களைப் பற்றி நான் தனியாகவே ஒரு பேச்சு நிகழ்த்தலாம், ஆனால் அது இங்கே வேண்டாம். மாரிகாலத்தில், ஐப்பசி கார்த்திகை மாதங்களில், வெள்ளம் ஒழுங்கையிலே முழங்காலளவு நிற்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். பத்திரிகை நனைந்தால் அதை எவரும் பெற்றுக்கொள்ளமாட்டார். உடம்பு நனைந்தால் அதைக் கேட்பார் எவருமில்லை.

இத்தனை அவசரம் எதற்கு? செய்தி சற்றுப் பிந்தினால்தான் என்ன? இந்தக் கேள்வியை நான் ஒருமுறை முகவரிடம் கேட்டேன். அவர் ‘ஈழநாட்டை’ விரித்து மரண அறிவித்தல்களைக் காட்டினார். எங்கள் ஊர் வழக்கிலே, செத்தவீட்டுக்கு அழைப்பு அனுப்புவதில்லை, கேள்விப்பட்டவர் போகவேண்டும். கேள்விப்பட்டும் போகாதிருப்பது தலைமுறைக்கும் மறக்கப்படாத குற்றம். ஒருவர் இறந்த மறுநாட் காலையில் அறிவித்தல் வரும். அன்று முற்பகலிலேயே தகனக்கிரியை நிகழ்ந்துவிடக்கூடும். பத்து மணிக்குப் பத்திரிகை கண்டவர் சுடலைக்குக்கூடப் போய்ச்சேர முடியாது. வாசிகசாலைக்கு முதலில் போடவேண்டுமென்று முகவர் கட்டளையிட்டிருந்ததும் இதனாலேயே. சொந்தமாகப் பத்திரிகை வாங்க வசதியில்லாதவர்கள் அங்கே வாங்கில் அமர்ந்து காத்திருப்பார்கள். தாள் வந்ததும் ஒருவர் அறிவித்தல்களை உரத்து வாசிப்பார், மற்றையோர் உறவுமுறையைக் கணக்கிடுவார்கள். அரசியல் அதன் பின்னர்தான். பதினைந்து வயதுப் பையன் ஒருவன், தான் சுமந்துசெல்வது வெறுந் தாளன்று என்பதை உணர்வதற்கு அந்த வாங்கும் அந்த முகங்களும் போதும்.

ஆயினும் இத் தொழிலின் உண்மையான பாடம் காலைநேரத்தில் இல்லை என்பது என் கருத்து. அது மாதக் கடைசியில், காசு சேர்க்கும் நேரத்திலேயே இருக்கிறது. முகவர் ஒரு கொப்பி தந்திருந்தார். வீட்டுக்கொரு பக்கம். பத்திரிகை போட்ட நாட்களுக்குப் புள்ளடி, போடாத நாட்களுக்கு வட்டம். மாத முடிவில் நாட்களைக் கூட்டி, விலையாற் பெருக்கி, பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டு பின்னேரங்களில் வீடு வீடாகப் போகவேண்டும். கூட்டல் பெருக்கல் வேலை முழுவதையும் விளக்கடியில் இருந்து செய்து தந்தவள் என் தமக்கை. பெண்பிள்ளைகள் பத்திரிகை விநியோகித்ததை அக்காலத்தில் நான் கண்டதில்லை. எனினும் என்னுடைய கணக்கு ஒருநாளும் பிழைக்கவில்லையென்றால் அதன் காரணம் அவளே. என் சம்பளத்தில் அவளுக்குப் பங்கு கொடுக்கவேண்டுமென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்குந்தான்.

காசு சேர்க்கப் போகும்போதே மனிதரின் மறுபக்கம் தெரியவரும். பெரிய நாற்சார் வீட்டில், “தம்பி, நாளைக்கு வா” என்பார்கள். அந்த நாளை மூன்று முறை வரும். ஓலைக் குடிசையிலே சில்லறையை எண்ணி, துணியில் முடிந்து, முதலாந் தேதியே எனக்காக வைத்திருப்பார்கள். ஒரு வாத்தியார் நான் எழுதிய பற்றுச்சீட்டில் எழுத்துப்பிழை திருத்திய பின்னரே காசு தருவார். ஒரு அம்மா, நான் வரவில்லையென்று வட்டமிட்டிருந்த நாளிலே தாள் வந்தது என்று தாமாகவே சொல்லி, அந்த நாளுக்கும் சேர்த்துத் தந்தார். யாரிடம் எப்படிப் பேசவேண்டும், எங்கே வற்புறுத்தலாம், எங்கே வாய்மூடித் திரும்பவேண்டும் என்பவற்றைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு எவரும் கற்பிக்கவில்லை.

இவ்வளவும் நல்லதே. ஆனால் ஒரு மாதம், அந்த 43 வீடுகளில் ஒன்று பூட்டிக் கிடந்தது. குடியிருந்த குடும்பம் எவருக்கும் சொல்லாமல் கொழும்புக்குப் போய்விட்டது. இரண்டு மாதப் பாக்கி. அந்தத் தொகை என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். முகவர் கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீதானே போட்டாய், நீதானே சேர்த்திருக்கவேண்டும்” என்றார். இரண்டு தவணையாக என் சம்பளத்தில் கழித்துக்கொண்டார். அக்காலம் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். வண்டியின் பின் ரயர் நூல் தெரியத் தேய்ந்திருந்தது, புதிய ரயர் வாங்கவே நான் சேமித்துக்கொண்டிருந்தேன். கடன் வைத்தவர் எங்கோ இருக்க, காற்றுப்போன வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் விநியோகம் செய்தேன்.

முகவரை நான் கொடியவரென்று சொல்லவில்லை. அவருடைய நிலையையும் விளங்கிக்கொள்ளவேண்டும். பத்திரிகை நிறுவனம் முகவருக்குத் தாள்களை அனுப்பி, அவருக்குரிய தரகைக் கழித்துக் கணக்கு அனுப்பும். வாசகர் காசு கொடுத்தாரா இல்லையா என்பது நிறுவனத்துக்குரிய கேள்வியன்று, முகவர் கட்டியே ஆகவேண்டும். ஆகவே நட்டம் என்பது மேலேயிருந்து கீழே இறங்கிக்கொண்டு வருகிறது. ஒவ்வொருவரும் தமக்குக் கீழேயுள்ளவரிடம் அதனைக் கைமாற்றுகிறார்கள். கடைசியில் அது எவருடைய கையிலே நிற்கிறதோ அவரே எல்லோரிலும் இளையவர்; அவருக்குக் கீழே கைமாற்ற ஆளில்லை.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று. அமெரிக்காவிலே நியூயோர்க் நகரத்தில் பத்திரிகை விற்ற சிறுவர்கள் 1899ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் செய்த வேலைநிறுத்தம் வரலாற்றிற் பதிவாகியுள்ளது. அச் சிறுவர்கள் சம்பளம் வாங்கியவரல்லர். நூறு தாளை மொத்த விலைக்கு வாங்கி, தெருவிலே விற்று, இலாபத்தை வைத்துக்கொள்பவர்கள். விற்காத தாளை நிறுவனம் திருப்பி எடுப்பதில்லை. அந்த நட்டம் சிறுவனுக்குரியது. முன்னைய ஆண்டு நடந்த ஸ்பானிய அமெரிக்கப் போரின்போது பத்திரிகைகள் ஏராளமாக விற்பனையாயின. அச்சமயம் நூறு தாளின் விலையை 50 சதத்திலிருந்து 60 சதமாக உயர்த்தினார்கள். போர் முடிந்து விற்பனை குறைந்தது. மற்றைய பத்திரிகைகள் விலையைக் குறைத்தபோதும், புலிட்சரும் ஹேர்ஸ்ட்டும் நடத்திய இரு பெரும் பத்திரிகைகள் குறைக்கவில்லை. சிறுவர்கள் அவ்விரண்டையும் விற்க மறுத்தார்கள். ஏறத்தாழ இரண்டு கிழமைகளின் பின்னர் உடன்பாடு ஏற்பட்டது. விலை குறையவில்லை. ஆனால் விற்காத தாள்களைத் திருப்பி எடுத்து முழு விலையையும் கொடுக்க நிறுவனங்கள் இணங்கின. சிறுவர்கள் அந்த 10 சதத்தை விட்டுக்கொடுத்து இதனை ஏற்றுக்கொண்டார்களே, ஏன்? மிஞ்சிய தாள் யார் தலையில் விழுகிறது என்பதே தங்கள் வயிற்றைத் தீர்மானிப்பது என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். பொருளியல் நூலைப் படித்து அறிந்ததன்று அது.

கடலுக்கு அப்பால், எங்களுக்கு மிக அண்மையிலே, வேறொரு விதமான எடுத்துக்காட்டு உண்டு. இராமேசுவரத்திலே 1931இல் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்கள் தமது முதற் சம்பாத்தியத்தைப் பற்றி ‘அக்கினிச் சிறகுக’ளில் எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே இராமேசுவரம் நிலையத்தில் புகைவண்டி நிற்பது நிறுத்தப்பட்டது. பத்திரிகைக் கட்டுகளை ஓடும் வண்டியிலிருந்தே, இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட வழியில் வெளியே எறிந்தார்கள். அவ்வூரில் பத்திரிகை விநியோகித்தவர் சம்சுதீன் என்னும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர். கட்டுகளைப் பிடிப்பதற்குத் துணை தேவைப்பட்டது. அந்தத் துணையாகச் சேர்ந்து முதல் ஊதியம் பெற்ற சிறுவனே பின்னர் இந்தியாவின் குடியரசுத் தலைவரானார். தனுஷ்கோடிப் பாதை என்றதும் எங்கள் ஊர் முதியவர்களுக்குப் பழைய நினைவு வரும். தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவதற்காக மக்கள் சென்ற பாதையும் அதுவே. 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அது வழக்கில் இருந்தது. கலாம் அவர்கள் 2012 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கும் வந்து மாணவர்கள்முன் உரையாற்றினார்.

அவர் கதையை எங்கள் ஊரில் மேடைதோறும் சொல்கிறார்கள். பத்திரிகை போட்டவன் குடியரசுத் தலைவரானான், நீயும் போடு என்பதாக அது முடியும். எனக்கு அதில் வேறொன்றே முக்கியமாகப் படுகிறது. அங்கே கட்டைப் பிடிப்பது சிறுவனின் வேலை. ஊர் முழுவதற்குமான விநியோகப் பொறுப்பு வளர்ந்த ஒருவருடையது. அவ்வாறு ஒரு பெரியவர் முன்னே நிற்பாரானால், இத் தொழில் எந்தப் பிள்ளைக்கும் கேடு செய்யாது.

ஆனால் பெரியவர்கள் எவராலும் ஏற்றுக்கொள்ள முடியாத ஆபத்தும் எங்கள் தெருக்களுக்கு வந்தது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும், யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில், ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிக்கப்பட்டது. நான் அடுக்கிய தாள்கள் பிறந்த இடம் அது. 1990 ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. 2014 ஒக்டோபரிலேயே அது மீண்டும் வந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சுத்தாள் கிடைக்கவில்லை. கிடைத்த தாளிலே, குறைந்த பக்கங்களில், 1985இல் தொடங்கிய ‘உதய’னும் பிற உள்ளூர்ப் பத்திரிகைகளும் வெளிவந்தன. எரிபொருளும் அரிதாகிவிட்டபடியால் துவிச்சக்கர வண்டியே குடாநாடு முழுவதற்கும் வாகனமாயிற்று. பத்திரிகை போடும் பையனுக்கும் வைத்தியருக்கும் அன்று வாகனவகையில் வேறுபாடில்லை. ஊரடங்கு நாட்களில், அது தளர்த்தப்படும் வரைக்கும் கட்டுகள் காத்துக் கிடந்தன.

2006 மே 2ஆம் நாள் இரவு ‘உதயன்’ அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஏ9 நெடுஞ்சாலை மூடப்பட்டது. அதே மாதத்தில், பத்திரிகை விநியோகித்துத் திரும்பிய வாகனத்தின் சாரதி ஒருவரும் கொல்லப்பட்டார். போர் முடிந்த பின்னரும் இது நிற்கவில்லை. 2013 ஜனவரியில் வடமராட்சியிலே விநியோகத்தர் ஒருவர் தாக்கப்பட்டு, அவருடைய பத்திரிகைகள் எரிக்கப்பட்டன. ஏப்ரல் 3ஆம் நாள் கிளிநொச்சி விநியோக அலுவலகம் தாக்கப்பட்டது. ஏப்ரல் 13ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் அச்சியந்திரத்துக்குத் தீவைத்தார்கள். நேயர்கள் இவற்றின் நேரத்தைக் கவனிக்கவேண்டும். கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் தாக்குதல் நிகழ்ந்தது அதிகாலையில், தாள்கள் வெளியே புறப்படும் வேளையில். எழுதுபவரை அச்சுறுத்துவதோடு அமையாமல், கொண்டுசெல்பவரையும் தடுக்கவேண்டுமென்று எண்ணியவர்கள், விநியோகம் எத்துணை முக்கியமென்பதை எங்களைவிட நன்றாகவே அறிந்திருந்தார்கள். அக்காலத்தில் ஒரு தாய், “என் பிள்ளை பேப்பர் போடப் போகவேண்டாம்” என்று சொல்லியிருந்தால் அதில் உத்தியோக மோகம் எதுவுமில்லை.

இப்பொழுது சட்டமும் மாறியுள்ளது. இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021ஆம் ஆண்டில் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. இது சரியானதென்றே கருதுகிறேன். என்னுடைய 15 வயது ஓட்டத்தை நான் மகிழ்ச்சியோடு நினைப்பதனால், இன்னொரு பிள்ளையின் நித்திரையைக் கேட்கும் உரிமை எனக்கு வந்துவிடாது. க.பொ.த. உயர்தர மாணவர்கள் விடியற்காலையிலேயே தனியார் வகுப்புகளுக்கு ஓடுகிறார்கள். முன்னர் பத்திரிகைக் கட்டு இருந்த கரியரிலே இன்று புத்தகப்பை இருக்கிறது. 16 வயது கடந்த, பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் இளைஞர்களுக்கு மட்டும் இது இன்றும் ஒரு சிறிய வருவாயைத் தரக்கூடும். அவர்களை அமர்த்தும் முகவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கொப்பியை இளைஞன் எழுதட்டும், காசையும் அவனே சேர்க்கட்டும். அந்தப் பயிற்சியைக் குறைக்கவேண்டாம். ஆனால் வராத கடனை முகவரின் பேரேட்டில் எழுதுங்கள். இதனை வேலையில் சேரும் நாளிலேயே வாய்ச்சொல்லாக அல்லாமல் எழுத்தில் கொடுங்கள். மாதம் ஒன்றுக்கு எத்தனை ரூபா, எந்த நாளில் தரப்படும், மழையில் நனைந்த தாளுக்கு யார் பொறுப்பு, வண்டி பழுதானால் யார் செலவு என்ற நான்கு வரிகள் போதும். பெற்றோரும் அந்தத் தாளை வாசித்துக் கையெழுத்திடவேண்டும்.

தொழிலே மிஞ்சுமா என்பது வேறு கேள்வி. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் ஊரடங்கு வந்தபோது, பலர் கைத்தொலைபேசியிற் பத்திரிகை வாசிக்கப் பழகினார்கள். 2022இல் அச்சுத்தாள் தட்டுப்பாட்டினால் தென்னிலங்கையில் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய நாளிதழ்கள் மார்ச் மாத இறுதியில் அச்சுப் பதிப்பையே நிறுத்திவைக்க நேர்ந்தது. மரண அறிவித்தலும் இணையத்தில் வருகிறது. கனடாவிலும் இலண்டனிலும் உள்ளவர்கள் அதனை எங்களுக்கு முன்னரே பார்த்துவிட்டு, இங்கே தொலைபேசியில் அழைத்துச் சொல்கிறார்கள்.

எங்கள் ஒழுங்கைக்கு இன்று பத்திரிகை கொண்டுவருபவர் அறுபதை நெருங்கியவர். மோட்டார்ச் சைக்கிளில் வருகிறார். கிடுகு வேலிகள் மதிலாகிவிட்டன, படலைகள் இரும்பாகிவிட்டன; எறிந்தால் தாள் கிழிந்துவிடுமென்று இறங்கி வந்து கம்பிக்கிடையே செருகுகிறார். நான் போட்ட 43 வீடுகளுக்குள் இப்பொழுது 11 வீடுகளுக்கு மட்டுமே போடுவதாகச் சொன்னார். மற்றைய வீடுகளிற் பல பூட்டிக் கிடக்கின்றன, சிலவற்றுள் தொலைபேசி வாசிக்கிறார்கள். வாசிகசாலைக்குத்தான் முதலிற் போடுகிறீர்களா என்று கேட்டேன். ஆம் என்றார், அங்கே இன்னும் நான்கைந்து பேர் வாங்கிலே காத்திருக்கிறார்களாம். மாதக் கணக்கை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது, சட்டைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினார். போட்ட நாளுக்குப் புள்ளடி, போடாத நாளுக்கு வட்டம்.